முதலில் ஓடிவருபவர் பட்டியலில் ஏன் இல்லை?

2024-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், குமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஐவர் கடலில் மூழ்கி இறந்தனர். திருமணம் ஒன்றுக்காக வந்தவர்கள். அலையில் கால் நனைக்கச் சென்றவர்கள். பிறர் உயிரைக் காக்கும் கல்வியைக் கற்றுக்கொண்டிருந்தவர்கள். அந்நாட்களையொட்டிக் 'கள்ளக்கடல்' பற்றிய எச்சரிக்கையை ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் விடுத்திருந்தது. எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயற்காற்று எழுப்பும் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றில்லாத தெளிந்த வானத்தின்கீழ்த் திடீரெனக் கரையேறும். முன்னறிவிப்பின்றிக் கள்ளனைப்போல் வருவதால் அதற்கு அப்பெயர்.

துயரத்துக்குப் பின் வழக்கமான உரையாடல் நடந்தேறியது. எச்சரிக்கை கொடுத்திருந்தோம் என்றனர் சிலர். தடையிருந்தும் போனார்களே என்றனர் வேறு சிலர். இளையோரின் அசட்டுத் துணிச்சல் பற்றிப் பலர் பேசினர். ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கியது. நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்த அலை அவர்களை இழுத்த நிமிடத்தில் கரையில் நின்றிருக்க வேண்டியவர் யார்? அவரை அங்கே நிறுத்தும் கடமை யாருடையது? வீடு பற்றி எரிந்தால் தீயணைப்பு வண்டி வருகிறது. சாலையில் அடிபட்டால் 108 ஊர்தி வருகிறது. கலகம் என்றால் காவலர் வருகின்றனர். கடலில் மூழ்குபவருக்காக வருபவர் யார்?

கடலோரத்தில் பிறந்த எவருக்கும் இதற்கு விடை தெரியும். உயிர்காவலர் பணியிலிருக்கும் கடற்கரையாயின் அவர் வருவார். இல்லாத கடற்கரையில், மணலில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர் ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவருவார். இவ்விருவருமே உலகம் 'ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்' என்று அழைக்கும் முதல்நிலை மீட்பாளர்கள். செயலால் அவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். சட்டத்திலும் கணக்கிலும் அவர்களுக்கு அந்த இடம் இல்லை. இது மறதியால் நேர்ந்த குறை என்று நாம் எண்ணவில்லை. அநீதி என்றே எண்ணுகிறோம்.

சில நிமிடங்களின் கணக்கு

மூழ்குபவர் கைகளை வீசிக் கூச்சலிடுவார் என்று திரைப்படம் நமக்குக் கற்பித்திருக்கிறது. உண்மையில் மூழ்குபவர் பெரும்பாலும் கூவுவதில்லை. மூச்சுக்கே வாய் போதாதபோது குரலுக்கு வழியேது? கைகள் நீரின் மேற்பரப்பை அழுத்த முயலும். தலை பின்னுக்குச் சாயும். வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும். ஒரு நிமிடத்துக்குள், சில வேளை அதற்கும் குறைவான நேரத்துக்குள், ஆள் அமிழ்ந்துவிடுவார். பக்கத்தில் நிற்கும் நண்பரே விளையாடுகிறார் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். மூச்சு நின்று நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை சேதமுறத் தொடங்குகிறது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் அமைப்புகளைப் பார்ப்போம். கடலோரக் காவல்படையை அழைக்க 1554 என்ற எண் உண்டு. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 உண்டு. இரண்டும் வேண்டியவையே, நடுக்கடலில் எஞ்சின் நின்ற படகுக்கு அவை உயிர்நாடி. ஆனால் கரையிலிருந்து ஐம்பது மீட்டர் தொலைவில் மூழ்கும் சிறுவனுக்கு எந்தக் கப்பல் நான்கு நிமிடத்தில் வரும்? துறைமுகத்திலிருந்து புறப்படும் படகும், நகரத்திலிருந்து புறப்படும் மீட்பு வண்டியும் வந்து சேரும்போது பெரும்பாலும் உடலைத் தேடும் வேலைதான் எஞ்சியிருக்கும். உயிரைத் தேடும் நேரத்தில் அங்கே இருப்பவர் கரையில் நிற்பவர் மட்டுமே. முதல்நிலை என்பது பெருமைக்காகச் சூட்டும் அடைமொழியன்று. அது நேரத்தின் பெயர்.

'நீச்சல் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலைதானே' என்பார் உண்டு. இது அறியாமை; அதுவும் ஆளைக் கொல்லும் அறியாமை. கரையில் மோதிய அலைநீர், மணல்திட்டுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தின் வழியாக ஒடுங்கிய ஆறுபோல் கடலுக்குத் திரும்பும். வேகம் கூடிய நாளில் அது நொடிக்கு இரண்டு மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் வீரரும் அதை எதிர்த்து நீந்த இயலாது. அலை உடையாத அந்த இடமே பழகாத கண்ணுக்கு அமைதியான இடமாகத் தோன்றும். வெளியூரார் அங்குதான் இறங்குவர். இழுபட்டவர் கரையை நோக்கி நீந்தி நீந்திச் சோர்ந்து மூழ்குவர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பிலிருந்து விலக வேண்டும் என்பதும், முடியாவிட்டால் மிதந்துகொண்டு உதவிக்குக் காத்திருக்க வேண்டும் என்பதும் பாடநூலில் உள்ளவை. அந்தப் பள்ளம் இன்று எங்கே இருக்கிறது, நேற்று எங்கே இருந்தது, நீவாடு எந்தத் திசையில் ஓடுகிறது என்பன பாடநூலில் இல்லை. கடல்நீரோட்டத்தை நீவாடு என்று பெயரிட்டழைத்த மக்களின் கண்ணில் அந்த அறிவு இருக்கிறது.

அதோடும் முடியவில்லை. மூழ்குபவர் தம்மைக் காக்க வந்தவரின் கழுத்தையே இறுகப் பற்றுவார். அந்தப் பிடியில் சிக்கி இருவரும் மாண்ட செய்திகள் நமக்குப் புதியன அல்ல. மிதவையை முன்னே நீட்டி, உடலைத் தள்ளிவைத்து, பின்புறமாக அணைத்து இழுத்துவருவது பயின்று பெறவேண்டிய திறன். கரைக்கு வந்தபின், மூச்சு நின்றவருக்கு முதலில் வேண்டியது காற்று. ஆகவே வாயோடு வாய் வைத்து மூச்சூட்டிய பின்னரே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயன்றும், தலைகீழாகத் தூக்கிச் சுழற்றியும் நாம் இழந்த உயிர்கள் எத்தனையோ! பார்த்தல், கணித்தல், பாய்தல், இழுத்தல், மூச்சூட்டல் என்ற ஐந்தையும் ஒரே ஆள் சில நிமிடங்களில் செய்து முடிக்கிறார். காவலர், தீயணைப்பாளர், செவிலியர் ஆகிய மூவரின் பணியும் அவரிடத்தில் கூடியிருக்கின்றன. மூவருக்கும் உள்ள பெயர் இவருக்கு மட்டும் ஏன் இல்லை?

பெயர் இல்லாததன் விலை

இந்தக் கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு வெளியான குடியரசுத் தலைவரின் ஆணையொன்று, ஒரு நிகழ்வின் தொடக்க நிலையில் உயிரையும் உடைமையையும் காக்கும் பொறுப்புடையோரை முதல்நிலை மீட்பாளர் என்று வரையறுத்தது. அந்த வரையறைக்குள் கடற்கரை உயிர்காவலர் இயல்பாகவே அடங்குவர். ஆயினும் அதே நாட்டின் தொழில் வகைப்பாட்டு அட்டவணை, 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும், அவர்களைத் தீயணைப்பாளரோடு சேர்க்கவில்லை. பனிச்சறுக்குத் திடல்களின் காவலரோடும் 'பொழுதுபோக்குப் பாதுகாப்புப் பணியாளர்' என்போரோடும் ஒரே கட்டத்தில் வைத்தது. அதற்கு முந்திய எண், சாலையைக் கடக்க உதவிக் கொடிகாட்டுவோருக்கு உரியது. கடலுக்குள் பாய்கிறவரின் பணிக்கு ஏட்டில் கிடைத்த இடம் இதுதான்.

மாறிய இடங்களும் அங்கே உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் 1994-இல் தன் உயிர்காவலரைத் தீயணைப்புத் துறைக்குள் கொண்டுவந்தது. ஹவாயின் ஹொனலூலு நகரம் 2024-இல் கடற்பாதுகாப்புக்கெனத் தனித் துறையையே அமைத்தது. உயிர்காவலர் பணியிலிருக்கும் கடற்கரையில் ஒருவர் மூழ்கி இறக்கும் வாய்ப்பு ஒரு கோடியே எண்பது இலட்சத்தில் ஒன்று என்பது அமெரிக்க உயிர்காப்புச் சங்கத்தின் கணிப்பு. ஆஸ்திரேலியாவின் போண்டாய் கடற்கரையில் 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் அடுத்தடுத்து எழுந்த அலைகள் நூற்றுக்கணக்கானோரை உள்ளே இழுத்தன. ஏறத்தாழ 250 பேரை உயிர்காவலர் மீட்டனர், இறந்தோர் ஐவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கரையில் இல்லாதிருந்தால் கணக்கு எப்படி முடிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். கோவாவில் 2008 முதல் தனியார் நிறுவனமொன்றின் வழியாக உயிர்காவலர் பணியாற்றுகின்றனர். கேரளக் கடற்கரைகளில் அவர்கள் சுற்றுலாத் துறையின் நாட்கூலிப் பணியாளர். சென்னை மெரினாவில் காவல்துறை உயிர்காப்புப் பிரிவொன்றை அமைத்தது. அதில் மீனவரும் பங்கேற்றனர். நல்ல முயற்சிதான். ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் தமிழகக் கடற்கரைக்கு மெரினா ஒரு துண்டு நிலம். எங்கும் ஒரே குறை காண்கிறோம். சுற்றுலாவின் அலங்காரமாக ஓரிடத்தில், ஒப்பந்தத்தின் ஓரமாக ஓரிடத்தில், ஊராரின் நல்லெண்ணமாகப் பெரும்பாலான இடங்களில் என்று உயிர்காப்பு சிதறிக் கிடக்கிறது.

இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுவோரைக் காவல் நிலையமும் நீதிமன்றமும் அலைக்கழிக்கக் கூடாதென்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2021-இல் அவர்களுக்கு ஐயாயிரம் ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. மனமார வரவேற்கிறோம். ஆனால் அப்பிரிவு மோட்டார் வாகன விபத்தை மட்டுமே பேசுகிறது. நெடுஞ்சாலையில் உயிரைக் காத்தவருக்கு உள்ள அந்தச் சட்டக்குடை, அதே சாலையின் மறுபக்கம் மணலில் இறங்கி அலையிலிருந்து உயிரைக் காத்தவருக்கு விரிவதில்லை.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல் வந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படை 2006-இல் அமைந்தது. பருவமழைக்கு முன் நம் மாவட்ட நிர்வாகங்கள் முதல்நிலைப் பொறுப்பாளர் பட்டியல் தயாரிக்கின்றன; அதில் நீச்சல் தெரிந்த தன்னார்வலரும் இடம்பெறுகின்றனர். ஆக, சொல் நம் அரசுக்குத் தெரியாததன்று. ஆனால் அது மழைக்காலத்தில் விழித்து மழையோடு உறங்கும் சொல். கள்ளக்கடல் வந்தது மே மாதத்தில். கடல் நம் பட்டியலைக் கேட்டுப் பருவம் பார்ப்பதில்லை.

பாராட்டு என்னும் ஏமாற்று

2017 நவம்பர் 30-ஐக் குமரிக் கரை மறக்காது. ஒக்கிப் புயல் என்ற எச்சரிக்கை வந்து சேரும் முன்பே தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் தொலைவில் இருந்தன. பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர் தங்கள் படகுகளிலேயே தேடப் புறப்பட்டனர். டிசம்பர் 7-ஆம் நாள் குழித்துறை ரயில் நிலையத்தில் மீனவ மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்தனர். அவர்களோடு குருக்களும் இருந்தனர். அவர்கள் முதன்மையாகக் கேட்டது, 'எங்கள் பிள்ளைகளைத் தேடுங்கள்' என்பதே. படகுகள் எந்தத் திசைக்குச் சென்றிருக்கும், எந்தக் காற்றில் எவ்வளவு தொலைவு ஒதுங்கியிருக்கும் என்று அறிந்தவர் கரையில் கண்ணீரோடு நின்றுகொண்டிருந்தனர். பின்னரே மீட்புக் கப்பல்களில் மீனவரையும் ஏற்றிச் சென்று தேடினர். முதல் மணி நேரத்தில் அந்த அறிவு கட்டுப்பாட்டு அறையில் உட்கார இடம் பெற்றிருந்தால் எத்தனை பேர் திரும்பியிருப்பர் என்ற கேள்விக்கு நாம் விடை சொல்லத் துணியமாட்டோம். அந்த இடம் அவர்களுக்கு அளிக்கப்படவில்லை என்பதை மட்டும் சொல்வோம்.

ஓராண்டு முடியும் முன்பே காட்சி மாறியது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஒக்கியில் தம் உறவுகளை இழந்த அதே கடற்கரைகளிலிருந்து படகுகள் லாரிகளில் ஏறின. செங்கன்னூரிலும் ஆலுவாவிலும் பத்தனம்திட்டையிலும் தெருக்கள் ஆறாகிக் கிடந்தன. மதில்களிலும் மரங்களிலும் மோதிப் படகுகள் சேதமுற்றன. கேரள அரசின் கணக்குப்படி 669 படகுகளில் ஏறத்தாழ 4,500 மீனவர் சென்று 65,000 பேரை மீட்டனர். முதல்வர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று போற்றினார். பாராட்டு விழா நடந்தது. 2019-ஆம் ஆண்டின் அமைதி நோபல் பரிசுக்கு அவர்களைப் பரிந்துரைத்தார் நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர். கடலோரக் காவலுக்கு மீனவ இளைஞரை வார்டன்களாகவும் அரசு எடுத்தது. அது சரியான திசையில் வைத்த ஓரடி; ஆனால் ஓரடிதான்.

அந்நாட்களில் நாமும் நெகிழ்ந்தோம். நம் இதழ்களிலும் மறையுரைகளிலும் அவர்களைப் புகழ்ந்தோம். இன்று அந்தப் புகழ்ச்சியையே சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. 'வீரர்' என்று ஒருவரை அழைத்துவிட்டால் அவருக்குக் காப்பீடு கேட்க வேண்டியதில்லை. 'கடலின் மைந்தர்' என்று பாடிவிட்டால் மிதவையும் உயிர்வளிக் குப்பியும் வாங்கித் தர வேண்டியதில்லை. மாலை வாடுவதற்குள் விழா முடிந்துவிடுகிறது. உடைந்த எஞ்சினுக்குப் பணம் கேட்டு அலுவலகப் படியேறும்போது அதே வீரர் மனுதாரராகிவிடுகிறார். நீரில் மூழ்குவோரைக் காத்தவர்களுக்கும் ஜீவன் ரக்ஷா பதக்கம் வழங்கும் நாடு இது. பதக்கம் நடந்து முடிந்த துணிவுக்குத் தரும் நன்றி. ஏற்பு என்பது நாளைய ஆபத்துக்கு இன்றே செய்யும் ஏற்பாடு. முன்னதைக் கொடுத்துப் பின்னதை மறுப்பது நன்றியாகாது.

'மீட்ட உயிருக்குக் கூலி வேண்டாம் என்று மீனவரே மறுத்தார்களே. நீங்கள் ஏன் ஊதியம், காப்பீடு என்று பேசி அந்தத் தொண்டைக் கொச்சைப்படுத்துகிறீர்கள்?' என்று நல்ல மனம் படைத்தோரே கேட்கின்றனர். உண்மைதான், 2018-இல் பணத்தை மறுத்தவர் இருந்தனர். மறுக்கும் உரிமை அவர்களுடையது. அவர்கள் மறுப்பார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் கொடுக்காமல் இருக்கும் உரிமை நமக்கில்லை. செவிலியர் ஊதியம் பெறுவதால் நோயாளிமேல் அவர் கொண்ட பரிவு குறைந்துபோகிறதா? தீயணைப்பாளர் ஓய்வூதியம் பெறுவதால் அவர் நுழைந்த நெருப்பு சுடாமல் போய்விட்டதா? ஏழையின் ஈகத்தை மட்டும் விலையின்றிப் பெற விரும்புகிறவர், அதன் புனிதத்தைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறார்.

'தடைப்பலகை வைத்தால் போதாதா?' என்பது இன்னொரு கேள்வி. பலகை வேண்டும், ஆனால் பலகைக்குக் கண்ணில்லை. இந்த அலையில் இறங்காதே, அந்தப் பக்கம் போ என்று அது நகர்ந்து வந்து சொல்லாது. தேர்ந்த உயிர்காவலரின் பணியில் பெரும்பகுதி மீட்பதன்று; ஆபத்து நேரும் முன் விசில் ஊதி ஆளை நகர்த்துவதே. நடக்காமற்போன மரணங்களுக்கு எந்த ஏட்டிலும் பதிவில்லாததால், அந்தப் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் படுவதில்லை.

'செலவு தாங்குமா? கடலைவிடக் குளத்திலும் கிணற்றிலும் ஆற்றிலும்தானே அதிகம் பேர் மூழ்குகின்றனர்?' என்று கேட்போர் ஓர் உண்மையைச் சொல்கின்றனர். 2021-இல் உலகெங்கும் மூன்று இலட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணித்தது. இந்தியாவில் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறப்பதைத் தேசியக் குற்றப் பதிவுக் கூடத்தின் ஏடுகள் காட்டுகின்றன. அவர்களுள் பெரும்பாலோர் கடலில் இறந்தவரல்லர். ஆனால் இது நம் கோரிக்கைக்கு எதிரான வாதமன்று. கரையோரத்தில் மீட்புத் திறனைச் சட்டத்தின்கீழ் வளர்த்தால், அதுவே காவிரிக்கும் தாமிரபரணிக்கும் ஊர்க்குளத்துக்கும் ஆசிரியராக விளங்கும். 2015-இல் சென்னை மூழ்கியபோது தெருக்களுக்குப் படகோடு வந்தவரும் கடலோரத்தார்தாம். மேலும், ஆட்களைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. குமரி மாவட்டத்தில் மட்டும் எழுபது கிலோமீட்டர் கடற்கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் இருக்கின்றன. அடிப்படைத் திறன் அங்கே பிறப்போடு வளர்கிறது. அரசு சேர்க்க வேண்டியவை பயிற்சி, கருவி, பாதுகாப்பு என்ற மூன்றுமே.

நாம் கேட்பவை

ஒன்று, பெயர். கடற்கரை உயிர்காவலரும், பயிற்சி பெற்றுப் பதிவுசெய்த மீனவ மீட்பாளரும் ஆண்டு முழுமைக்கும் முதல்நிலை மீட்பாளர் என்று அரசாணையில் இடம்பெற வேண்டும். 108-க்கு வரும் கடல் விபத்து அழைப்பு, ஊர்தி புறப்படும் அதே நொடியில் அந்த ஊர் மீட்பாளரின் கைபேசியிலும் ஒலிக்க வேண்டும்.

இரண்டு, பயிற்சியும் கருவியும். மூச்சூட்டும் முறைக்குச் சான்றிதழ்ப் பயிற்சி. ஊருக்கொரு மிதவைத் தொகுதி, உயிர்வளிக் குப்பி, கயிறு, ஒலிபெருக்கி. இவை ஒரு சிறு பாலத்தின் செலவுக்கும் கீழே.

மூன்று, பாதுகாப்பு. மீட்பின்போது இறந்தாலோ ஊனமுற்றாலோ, தீயணைப்பாளர் குடும்பத்துக்குக் கிடைக்கும் அதே இழப்பீடு. மீட்புக்குச் சென்ற படகின் சேதத்துக்கும் இழந்த கடல்நாளுக்கும் ஈடு. சாலையில் உதவுவோருக்கு உள்ள சட்டக் காப்பு.

நான்கு, இருக்கை. மாவட்டப் பேரிடர்க் கூட்டங்களில் மீனவ மீட்பாளர் சாட்சியாக அல்லாமல் உறுப்பினராக அமர வேண்டும்.

ஐந்து, ஆறுதல். இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மூழ்கியவரின் உடலைத் தேடி எடுக்கும் வேலைக்கும் மீனவரையே அழைக்கிறோம். மூன்று நாள் நீரில் கிடந்த உடலைக் கையுறையுமின்றித் தூக்கி வந்தவர் அன்றிரவு எப்படி உண்பார், எப்படி உறங்குவார் என்று நாம் கேட்டதுண்டா? தம் கையிலிருந்து நழுவிய குழந்தையின் முகத்தை அவர் எத்தனை ஆண்டுகள் சுமப்பார்? மனநல உதவி சீருடைக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த ஏற்பு, அரசு தன் கடமையை மீனவர் தோளில் இறக்கிவைக்கும் தந்திரமாக மாறிவிடலாகாது. கப்பலும் வானூர்தியும் கொண்டு அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். முதல் நான்கு நிமிடத்துக்குரியவரைப் பெயரிட்டு மதியுங்கள் என்கிறோம். ஐந்தாம் நிமிடத்தில் நீங்கள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

நம்மை நோக்கியும் ஒரு சொல்

அரசை நோக்கி விரல் நீட்டிவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது. உள்நாட்டில் வாழும் நம்முள் எத்தனை பேர், 'கடப்புறத்தான்' என்ற சொல்லை இகழ்ச்சியாகச் சொல்லக் கேட்டும் வாய்மூடி இருந்திருக்கிறோம்! வெள்ளத்தன்று அவர் தோளில் ஏறியவர், வெள்ளம் வடிந்தபின் தம் வீட்டுத் திண்ணையில் அவரை அமர்த்தினாரா? ஏட்டில் பெயர் விடுபட்டது எழுத்தரின் பிழையன்று. மனத்தில் விடுபட்டது ஏட்டிலும் விடுபட்டது. அதனால்தான் பெயரைக் கேட்கிறோம். சலுகைக்கு முந்தியது மதிப்பு.

நம் கடலோரப் பங்குகளில் ஆள் காணாமற்போனால் கோவில் மணி ஒலிக்கிறது, ஊர் கூடுகிறது, வள்ளங்கள் இறங்குகின்றன. அரசின் எந்த எண்ணையும்விட விரைவான அழைப்பு அது. அந்த மணிக்கு ஓடிவருவோரின் பெயர்களை ஒவ்வொரு பங்கும் எழுதிவைப்பதில் நமக்கென்ன தடை? பங்கு மண்டபத்தில் மூச்சூட்டும் பயிற்சி நடத்தவும், நம் கத்தோலிக்க மருத்துவமனைகளின் மருத்துவர்களை அதற்கு அழைக்கவும் எந்த அரசாணைக்காகக் காத்திருக்கிறோம்?

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2021-ஆம் ஆண்டுத் தீர்மானத்தால் ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. அடுத்து வரும் ஜூலை 25-க்குள் நம் கடலோர ஊர் ஒவ்வொன்றும் தன் மீட்பாளர் பட்டியலை எழுதி, ஒரு படியை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வரட்டும். பட்டியலை மேசையில் வைத்த பிறகு, இப்படி ஒருவர் இருப்பது தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது.